விடிவெள்ளியின் வழக்கு

நுழையும்முன்

கற்றோர் அனைவரும் ஒருபுறம் நிற்க, தனி ஒருவர் மறுபுறம் நின்று, 'நீங்கள் அறிந்த வானம் தவறு' என்று சொன்னால் அவரை எவ்வாறு எதிர்கொள்வது? எள்ளி நகையாடி ஒதுக்கிவிடலாம். அவருடைய துணிவை வியந்து நம்பியும் விடலாம். இவ்விரு வழிகளுமே சிந்திக்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், வெள்ளிக் கோளைப் பற்றி அமெரிக்காவில் எழுந்த விந்தையான கொள்கையையும் அதனை அறிவியல் உலகம் எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கதிரவனுக்கும் நிலவுக்கும் அடுத்தபடியாக நம் வானில் மிகுந்த ஒளியுடன் திகழ்வது வெள்ளி. வைகறையில் கீழ்த்திசையில் தோன்றும்போது அதனை விடிவெள்ளி என்கிறோம். கதிரவனிலிருந்து ஏறத்தாழ 10 கோடியே 80 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், 225 நாள்களுக்கு ஒருமுறை அது கதிரவனைச் சுற்றி வருகிறது. புவியும் பிற கோள்களும் உருவான காலத்திலேயே, அதாவது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, வெள்ளியும் உருவாயிற்று என்பது வானியலார் முடிவு. 1950ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நூல் இம்முடிவை அடியோடு மறுத்தது. வெள்ளி, மாந்தர் நகரங்களைக் கட்டி வாழ்ந்த காலத்தில், அவர்தம் கண்முன்னே பிறந்த புதிய கோள் என்று அந்நூல் வாதிட்டது.

மருத்துவர் எழுதிய வானியல்

அந்நூலின் ஆசிரியர் இம்மானுவேல் வெலிகோவ்ஸ்கி. 1895ஆம் ஆண்டு, இன்றைய பெலாரஸ் நாட்டிலுள்ள விட்டெப்ஸ்க் நகரில் பிறந்தவர். மாஸ்கோவில் மருத்துவம் பயின்று, உளப்பகுப்பாய்வு மருத்துவராகப் பணியாற்றியவர். 1939ஆம் ஆண்டு நியூயார்க் நகருக்கு வந்த அவர், பண்டை நாகரிகங்களின் புராணங்களையும் சமய நூல்களையும் பல்லாண்டுகள் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் விளைவே 'மோதும் உலகங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்த அந்நூல்.

அதில் அவர் கூறிய கதை வியப்பூட்டுவது. வியாழன் கோளிலிருந்து பெரும் பிழம்பு ஒன்று வெளியே வீசப்பட்டது. அது வால்மீனாக அலைந்து, கி.மு. 1500ஐ ஒட்டிப் புவியை நெருங்கியது. அப்போது புவியின் தன்சுழற்சி தடைப்பட்டது, கடல் பிளந்தது, கல்மழை பொழிந்தது. எகிப்திலிருந்து இசுரவேலர் வெளியேறிய வரலாற்றில் சொல்லப்படும் அற்புதங்கள் யாவும் இந்நிகழ்வின் நினைவுகளே. ஏறத்தாழ 52 ஆண்டுகள் கழித்து அவ்வால்மீன் மீண்டும் நெருங்கியது. பின்னர் அது செவ்வாயை அதன் பாதையிலிருந்து விலக்க, கி.மு. எட்டாம், ஏழாம் நூற்றாண்டுகளில் செவ்வாயும் புவியை அச்சுறுத்தியது. இறுதியில் வால்மீன் அமைதியுற்று, இன்று நாம் காணும் வெள்ளிக் கோளாயிற்று. இத்தகைய பேரழிவை உலகம் ஏன் மறந்தது என்னும் வினாவுக்கும் அம்மருத்துவர் விடை வைத்திருந்தார்: தாங்கொணாத் துயரத்தைத் தனிமனிதர் மறப்பதுபோல, மனித இனமே அதனை மறந்துவிட்டதாம்.

நூல் அமெரிக்காவின் விற்பனைப் பட்டியல்களில் முதலிடத்தை எட்டியது. சமய நூல்களையும் அறிவியலையும் ஒரே கயிற்றில் பிணைத்துக் காட்டிய அதன் நடையில் பல்லாயிரவர் மயங்கினர்.

கதைகள் சான்றாகுமா?

வெலிகோவ்ஸ்கியின் முறைக்கு அடிப்படை ஒன்று உண்டு. உலகின் பல மூலைகளில் ஒத்த கதைகள் வழங்கினால், அவை ஒரே நிகழ்வைக் கண்ட சாட்சியங்களாக இருத்தல் வேண்டும் என்பதே அது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இக்கருத்தில் இரு குறைகள் உள்ளன.

முதலாவது, பெருவெள்ளமும் நிலநடுக்கமும் எரிமலையும் இல்லாத நிலப்பகுதிகள் மிகச் சிலவே. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு ஊர்களில் நிகழ்ந்த அழிவுகளும் ஒத்த கதைகளைத் தோற்றுவிக்கும். கதைகள் ஒத்திருப்பதாலேயே அவை ஒரே நாளில் பிறந்தவை ஆகா.

இரண்டாவது, சொற்களை விருப்பம்போல வளைக்க இயலும். பண்டை மக்கள் வெள்ளிக்கு வழங்கிய பெயர்களிலும் அடைமொழிகளிலும் வால்மீனின் அடையாளங்களை அவர் தேடினார். இம்முறையின் வலுவின்மையை நம் மொழியைக் கொண்டே சோதித்தறியலாம். தமிழில் வால்மீனுக்கு 'வால்வெள்ளி' என்றொரு பெயர் உண்டு. இதனைக் கண்ட ஒருவர், 'வெள்ளிக்கு ஒருகாலத்தில் வால் இருந்ததைத் தமிழர் கண்டிருக்கின்றனர்' என்று எழுதினால் அது எவ்வளவு கவர்ச்சியான சான்றாகத் தோன்றும்! ஆனால், 'வெள்ளி' என்னும் சொல் கோளை மட்டுமன்றி, விண்மீனையும் பொதுவாகக் குறிக்கும். வாலுடைய விண்மீன் என்பதே 'வால்வெள்ளி'யின் பொருள். மொழியின் இயல்பை அறியாமல் சொல்லைச் சான்றாக நிறுத்தினால், இல்லாத வரலாறும் இருந்ததாகிவிடும்.

விண் சொல்லும் விடை

கதைகளை விடுத்துக் கணக்கிற்கு வருவோம். வியாழனின் ஈர்ப்பிலிருந்து விடுபட ஒரு பொருள் நொடிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டும். புவியின் நிறையில் ஐந்தில் நான்கு பங்குடைய வெள்ளியை அவ்வேகத்தில் வீசுவதற்குத் தேவைப்படும் ஆற்றல், கதிரவன் எட்டு மாதங்களுக்கும் மேலாக எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஆற்றலுக்குச் சமம். அவ்வாற்றல் எங்கிருந்து வந்தது? மின்காந்த விசைகள் கோள்களின் இயக்கத்தில் பெரும்பங்கு வகித்தன என்று வெலிகோவ்ஸ்கி கூறினார்; அவ்விசைகள் இத்தனை பெரிய செயலுக்குப் போதுமானவை எனக் கணக்கிட்டுக் காட்டவில்லை.

அடுத்தது, தாய்க்கும் சேய்க்கும் உள்ள வேற்றுமை. வியாழன் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் நிறைந்த கோள். அதன் சராசரி அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் 1.3 மடங்கே. வெள்ளியோ பாறையும் உலோகமும் கொண்ட கோள், நீரைப்போல் 5.2 மடங்கு அடர்த்தியுடையது. அடர்த்தியிலும் அமைப்பிலும் அது புவியின் உடன்பிறப்பாகவே விளங்குகிறது.

மூன்றாவது சான்று அதன் பாதை. வால்மீன்கள் நீண்டு ஒடுங்கிய பாதைகளில் செல்பவை. வெள்ளியின் பாதையோ எட்டுக் கோள்களுள் வட்டத்திற்கு மிக நெருக்கமானது. கதிரவனை மிக நெருங்கும்போதும் மிக விலகும்போதும் உள்ள தொலைவுகளின் வேறுபாடு புவிக்கு 50 இலட்சம் கிலோமீட்டர். வெள்ளிக்கு அது 15 இலட்சத்தை எட்டுவதில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தறிகெட்டு ஓடிய ஒரு பொருள், இத்துணை விரைவில் இத்துணை ஒழுங்கான பாதையில் அமைந்ததற்குக் காரணம் கூறப்படவில்லை.

மண் சொல்லும் விடை

வானில் நிகழ்ந்த அழிவு மண்ணிலும் தடம் பதித்திருக்க வேண்டுமல்லவா? கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் பொழியும் பனி, படலம் படலமாக உறைந்து கிடக்கிறது. 1966ஆம் ஆண்டு, அங்குள்ள கேம்ப் செஞ்சுரி என்னுமிடத்தில் பனிப்பாளத்தின் அடிவரை துளையிட்டு, ஏறத்தாழ 1,390 மீட்டர் நீளத்திற்குப் பனித்தண்டு எடுக்கப்பட்டது. இத்தகைய பனித்தண்டுகளில் தொலைதூர எரிமலைகள் உமிழ்ந்த அமிலத்தின் தடயங்கள்கூடப் பதிவாகியுள்ளன. உலகையே புழுதியால் மூடிய பேரழிவின் படலமோ அவற்றில் காணப்படவில்லை.

கலிபோர்னியாவின் வெண்மலைத் தொடரில் நிற்கும் ஒருவகை ஊசியிலை மரங்களுள் சில, 4,000 ஆண்டுகளுக்கும் மேலாக உயிர்வாழ்கின்றன. கடல் பிளந்து, மலைகள் உருகியதாகச் சொல்லப்படும் நாளில் அவை ஏற்கெனவே நூற்றாண்டுகளைக் கடந்த முதுமரங்கள். அதே இடத்தில், அதே வேர்களோடு அவை இன்றும் நிற்கின்றன.

மனிதர் எழுதிவைத்த சான்றும் உண்டு. பாபிலோனிய மன்னர் அம்மிசதூகாவின் ஆட்சியில், 21 ஆண்டுகள் வெள்ளி தோன்றிய நாள்களும் மறைந்த நாள்களும் குறிக்கப்பட்டன. அம்மன்னரின் காலம் கி.மு. 17ஆம் நூற்றாண்டு எனப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அக்குறிப்புகளின் படிகள், நினிவே நகரின் அரச நூலகத்தில், ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளாகக் கிடைத்துள்ளன. படியெடுத்தோரின் பிழைகள் ஆங்காங்கே உள. வெலிகோவ்ஸ்கி அப்பிழைகளையே வெள்ளி தடுமாறி ஓடியதற்குச் சான்றாகக் கொண்டார். ஆயினும், எட்டாண்டுகளுக்கு ஐந்துமுறை என்னும் ஒழுங்கில், இன்று நாம் காணும் அதே தோற்றச் சுழற்சியை அக்குறிப்புகள் காட்டுகின்றன. வியாழனிலிருந்து புறப்பட்டு அலைந்துகொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட கோள், அக்காலத்திலேயே தன் பாதையில் முறையாகச் சென்றுகொண்டிருந்தது.

> தெரிந்து தெளிவோம்
>
> புவியிலிருந்து காணும்போது வெள்ளியின் ஒரு தோற்றச் சுழற்சி ஏறத்தாழ 584 நாள்கள். ஐந்து சுழற்சிகள் சேர்ந்தால் 2,920 நாள்கள். எட்டு ஆண்டுகளுக்கும் (8 × 365) அதே 2,920 நாள்கள். ஆகவே, இன்று விடிவெள்ளியாகத் தோன்றும் வெள்ளி, எட்டாண்டுகள் கழித்து ஏறத்தாழ இதே நாளில், வானின் இதே பகுதியில் மீண்டும் தோன்றும்.

பலித்த கணிப்பு

வெலிகோவ்ஸ்கியின் கூற்றுகள் அனைத்தும் பொய்த்துவிடவில்லை. வெள்ளி மிகுந்த வெப்பமுடையதாக இருக்கும் என்று அவர் எழுதியிருந்தார். வானியலார் பலர் அதன் வெப்பநிலை மிதமானதாக இருக்கும் எனக் கருதியிருந்த காலம் அது. 1956ஆம் ஆண்டு, வெள்ளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அளந்தபோது, அது 300 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தைக் காட்டியது. 1962 டிசம்பர் 14ஆம் நாள் வெள்ளியைக் கடந்து சென்ற மரைனர் 2 விண்கலமும் அவ்வெப்பத்தை உறுதிசெய்தது. வியாழனிலிருந்து ரேடியோ அலைகள் வரக்கூடும் என்றும் அவர் 1953ஆம் ஆண்டு சொல்லியிருந்தார். 1955ஆம் ஆண்டு அவை கண்டறியப்பட்டன. 'அவர் சொன்னது பலித்துவிட்டது!' என்று அவருடைய ஆதரவாளர்கள் முழங்கினர்.

அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலண்டைன் பார்க்மனும் கொலம்பியா பல்கலைக்கழக வானியலாளர் லாய்ட் மோட்சும் ஒரு நேரிய செயலைச் செய்தனர். வெலிகோவ்ஸ்கியின் கொள்கையைத் தாங்கள் ஏற்கவில்லை என்றும், எனினும் இக்கணிப்புகளை முன்கூட்டியே சொன்ன சிறப்பு அவருக்கு உரியது என்றும் அறிவியல் இதழொன்றில் மடல் எழுதினர். மாற்றுக் கருத்தினர்க்கும் உரியதை வழங்கும் நடுவுநிலைமை அம்மடலில் விளங்குகிறது.

எனினும், கணிப்பு பலித்தமையால் கொள்கை மெய்யாகிவிடுமா? வெள்ளி சூடாக இருக்கும் என்பது அவருடைய முடிவு. அண்மையில் பிழம்பாகப் பிறந்த கோள் இன்னும் ஆறவில்லை என்பது அதற்கு அவர் காட்டிய காரணம். உண்மைக் காரணம் வேறு. வெள்ளியின் வளிமண்டலத்தில் 96 விழுக்காட்டிற்கு மேல் கார்பன் டை ஆக்சைடு; அதன் அழுத்தம் புவியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு. அவ்வளிமண்டலம் கதிரவனின் வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்துவைக்கிறது. அதனாலேயே தரைப்பரப்பின் வெப்பநிலை 460 பாகை செல்சியசை ஒட்டி நிலைத்து நிற்கிறது. கார்பன் டை ஆக்சைடின் இவ்விளைவால் வெள்ளியின் தரை நீரின் கொதிநிலையையும் கடந்த வெப்பமுடையதாக இருக்கும் என்று, வெலிகோவ்ஸ்கியின் நூலுக்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1940இல் ரூபர்ட் வில்ட் என்னும் வானியலாளர் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்.

வெள்ளியின் மேகங்களில் ஹைட்ரோகார்பன்கள் நிறைந்திருக்கும் என்றும் வெலிகோவ்ஸ்கி கூறியிருந்தார். அங்கே இருந்தவை கந்தக அமிலத் துளிகள். பலித்ததை மட்டும் எண்ணிப் பொய்த்ததை எண்ணாமல் விடுவது கணக்காகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில், பழம் விழுந்தது உண்மையே. ஆனால், அதனை விழச்செய்தது காக்கைதானா என்பதை ஆராய்வதே அறிவியலின் பணி.

கற்றோர் செய்த பிழை

இதுவரை கண்டவை வெலிகோவ்ஸ்கியின் பிழைகள். அவரை எதிர்த்தோரின் பிழையையும் காண்பதே முறை. நூல் வெளிவரும் முன்னரே, இதழ்களில் வந்த சுருக்கங்களைக் கொண்டு மறுப்புகள் எழுதப்பட்டன. ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநராக விளங்கிய ஹார்லோ ஷாப்லி, அதனை வெளியிட முனைந்த மேக்மில்லன் நிறுவனத்திற்குக் கண்டன மடல்கள் எழுதினார். அந்நிறுவனத்தின் பாடநூல்களைப் புறக்கணிக்கப்போவதாகப் பேராசிரியர் சிலர் எச்சரித்தனர். பாடநூல் விற்பனையைப் பெரிதும் நம்பியிருந்த அந்நிறுவனம், நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே, விற்பனையில் முன்னணியில் இருந்த அதன் உரிமையைப் பாடநூல்கள் வெளியிடாத டபுள்டே நிறுவனத்திற்கு மாற்றிக் கொடுத்தது. நூலை ஏற்றுப் பதிப்பித்த ஜேம்ஸ் பட்னம் பணியிழந்தார். இக்கொள்கையைத் திறந்த மனத்துடன் ஆராய வேண்டும் என்று சொன்ன கார்டன் அட்வாட்டர், நியூயார்க்கின் ஹேடன் கோளரங்கத்தில் தாம் வகித்த பதவியை இழந்தார்.

இதன் விளைவு யாது? கணக்கில் தோற்க வேண்டிய கொள்கை, ஒடுக்கப்பட்ட உண்மை என்னும் பெருமையைப் பெற்றது. 'இவர்கள் ஏன் இத்தனை அஞ்சுகின்றனர்?' என்று மக்கள் வினவினர். கலிலியோவின் பெயரோடு வெலிகோவ்ஸ்கியின் பெயரும் சேர்த்துப் பேசப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் பலருக்கு அவர் ஒரு வீரராகவே தோன்றினார். அவருடைய வாதங்கள் தேடித்தர இயலாத செல்வாக்கை, அவருடைய எதிரிகளின் சினம் தேடித்தந்தது.

வானிலிருந்து விழுந்த கற்கள்

புறத்தே நிற்கும் கருத்துகளை அறிவியல் ஒருபோதும் ஏற்காதா? ஏற்றதற்கு வரலாறு உண்டு. வானிலிருந்து கற்கள் விழுகின்றன என்று உழவர்கள் சொன்னபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர் பலர் அதனை நம்பவில்லை. 1794ஆம் ஆண்டு, எர்ன்ஸ்ட் கிளாட்னி என்னும் செருமானிய அறிஞர், அக்கற்கள் விண்வெளியிலிருந்து வருபவை என்று எழுதியபோதும் ஐயமே மிகுந்திருந்தது. 1803 ஏப்ரல் 26ஆம் நாள், பிரான்சின் லேகிள் என்னும் ஊரைச் சுற்றி ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் பொழிந்தன. ழான் பத்தீஸ்து பியோ என்னும் இளம் அறிஞர் ஆய்வுக்காக அங்கு அனுப்பப்பட்டார். அவர் ஊர் ஊராகச் சென்று, கண்டோரை வினவி, கற்களைத் திரட்டி, அவை விழுந்த பரப்பை வரைபடமாக்கினார். அவருடைய அறிக்கை ஐயங்களைப் பெரிதும் களைந்தது.

கிளாட்னியும் தம் காலத்து அறிவுலகத்தின் புறத்தே நின்றவரே. அவருடைய கருத்து வென்றமைக்கு அவருடைய துணிவு காரணமன்று. கற்கள் இருந்தன, அவற்றை யாரும் எடுத்துச் சோதிக்க முடிந்தது. எதிர்ப்பைச் சந்தித்தமை ஒரு கருத்தை மெய்யாக்குவதில்லை, பொய்யாக்குவதும் இல்லை. சோதனையே அதனை முடிவுசெய்கிறது.

அவையில் ஒரு நாள்

1974 பிப்ரவரி 25ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில், அறிவியல் முன்னேற்றத்திற்கான அமெரிக்கக் கழகத்தின் மாநாட்டில் வெலிகோவ்ஸ்கியின் கொள்கை அவையேறியது. 78 வயதான அவரும் நேரில் வந்து தம் கருத்தை எடுத்துரைத்தார். வானியலாளர் கார்ல் சேகன், அக்கொள்கையின் ஒவ்வொரு கூற்றையும் எடுத்துக்கொண்டு, இயற்பியல் கணக்குகளால் மறுத்தார். பீட்டர் ஹூபர், களிமண் பலகைகளின் சான்றை விளக்கினார். கால் நூற்றாண்டுக்கு முன்னரே நிகழ்ந்திருக்க வேண்டிய விவாதம் அது. இவ்விவகாரத்தில் மிகவும் வருந்தத்தக்கது வெலிகோவ்ஸ்கி தவறியது அன்று, அறிவியலார் சிலர் அவருடைய நூலை ஒடுக்க முயன்றதே என்னும் கருத்தைச் சேகன் பின்னர் வலியுறுத்தினார்.

வெலிகோவ்ஸ்கி 1979ஆம் ஆண்டு மறைந்தார். அவரைப் போன்ற கொள்கையினர் மறையவில்லை. 2012 டிசம்பர் 21ஆம் நாள், 'நிபிரு' என்னும் கோள் புவியின்மீது மோதும் என்ற வதந்தி உலகெங்கும் பரவியது. அவ்வளவு பெரிய கோள் நெருங்கி வந்திருந்தால், கருவிகள் எவையுமின்றி வெறுங்கண்ணாலேயே அதனைக் கண்டிருக்க முடியும். இந்த ஓர் எளிய எண்ணம் எத்தனையோ பேரின் அச்சத்தைப் போக்கியிருக்கும்.

இத்தகைய செய்தி நம்மை வந்தடையும்போது கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இது மெய்யாயின் வேறு எவையெல்லாம் மெய்யாக இருக்க வேண்டும்? அவை அவ்வாறு இருக்கின்றனவா? எந்தச் சான்று கிடைத்தால் இதனைச் சொல்பவர் தம் கருத்தைக் கைவிடுவார்? இவ்வினாக்களைச் சொல்பவரிடம் கேட்பதோடு நில்லாமல், மறுப்பவரிடமும் கேட்டல் வேண்டும். யார் வாயிலாகக் கேட்டாலும் மெய்ப்பொருளைத் தேர்ந்து காண்பதே அறிவு. அத்தேர்வுக்குக் கருவிகளாக அமைபவை கணக்கும் சான்றும் பொறுமையும்.

கற்பவை கற்றபின்

1. வெள்ளி தோன்றும் நேரத்தையும் திசையையும் ஒரு மாதம் நாள்தோறும் நோக்கிக் குறித்து, வகுப்பில் பகிர்க.

2. உங்கள் ஊரில் வழங்கும் வானியல் சார்ந்த நம்பிக்கை ஒன்றைத் தேர்ந்து, கட்டுரையின் இறுதியில் உள்ள மூன்று வினாக்களின் துணைகொண்டு ஆராய்க.

3. 'தவறான கருத்தைத் தடைசெய்வதா, மறுத்துரைப்பதா?' என்னும் தலைப்பில், வெலிகோவ்ஸ்கி நூலின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. 'கணிப்பு பலித்தமையால் கொள்கை மெய்யாகிவிடாது' – கட்டுரைவழி நிறுவுக.